மாடித் தோட்டத்து மரத்தொட்டி ஏன் இற்றுப்போகிறது, நிலைக்கும்படி எப்படிச் செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பக்கம் மொட்டை மாடியில் கீரையும் தக்காளியும் வளர்க்கிறீர்கள். மாமரப் பலகையில் தொட்டி செய்து வாங்கினீர்கள்; உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு அடித்து, வெளியே வார்னிஷ் பூசியிருந்தார்கள். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் அடிப்பலகை உதிர்ந்துவிட்டது. இனி தேக்கில் செய்தால் நிற்குமா, எத்தனை வருடம் வரும், எந்தப் பூச்சு அடிக்கலாம், சாப்பிடும் செடிக்கு அது கெடுதலா என்று கேட்கிறீர்கள். மரத்தையும் பூச்சையும் பற்றிக் கேட்டாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தத் தொட்டி ஏன் இற்றுப்போனது என்பதைத்தான். அது தெரியாமல் தேக்கு வாங்கினால் இன்னும் சில வருடம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். பல வருடங்களாக மரவேலைப் பட்டறை நடத்துகிறேன். வெளியில் வைக்கும் பெஞ்சு, கேட், தொட்டி என்று செய்ததையும், பிறர் செய்ததைப் பழுது பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

மரத்தை இற்றுப்போக வைப்பது பூஞ்சை. பூஞ்சைக்குக் காற்று, மிதமான சூடு, மரம், ஈரம் நான்கும் வேண்டும். நம் ஊரில் முதல் மூன்றும் எப்போதும் இருக்கின்றன. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வேலை செய்யாது. 28, 30 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் வேகமாகத் தின்னத் தொடங்கும். நனைவதால் மட்டும் மரம் கெடுவதில்லை. நனைந்தபிறகு காய வழியில்லாமல் போவதால் கெடுகிறது. ஐப்பசி மழை முழுக்க நனைந்து தை மாதத்தில் நன்றாகக் காய்ந்துவிடும் ஜன்னல் சட்டம் பல பத்தாண்டுகள் நிற்பதையும், அதே மரம் தண்ணீர்க் குழாயடியில் சில வருடத்தில் மாவாவதையும் பார்த்திருப்பீர்கள். எனவே தொட்டியின் ஒவ்வொரு பகுதியைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி, இந்த இடம் எப்படிக் காயும் என்பதுதான்.

அந்தக் கேள்வியோடு உங்கள் பழைய தொட்டியைப் பாருங்கள். பிளாஸ்டிக் விரிப்பை ஆணி அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆணியும் ஓர் ஓட்டை. அந்த வழியாகவும் மேல் விளிம்பு வழியாகவும் இறங்கிய தண்ணீர் விரிப்புக்கும் பலகைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. உள்பக்கம் பிளாஸ்டிக், வெளிப்பக்கம் வார்னிஷ், அடிப்பக்கம் தரையோடு ஒட்டிய தளம்; எந்தப் பக்கமும் ஆவியாகிப் போக வழியில்லை. மாமரமோ பூஞ்சையைத் தாங்கும் சக்தி அறவே இல்லாத மரம். இவ்வளவும் சேர்ந்தபின் ஒன்றரை வருடம் தாங்கியதே அதிகம். செய்து கொடுத்தவர் ஏமாற்றினார் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் வைக்கும் பெட்டிக்கு உரிய முறையை வெளியில் வைக்கும் தொட்டிக்குப் பயன்படுத்தியதன் விளைவு இது.

புதிய தொட்டிக்கு ஓர் அளவு வைத்துப் பேசுவோம்: உள்ளளவு 3 அடி நீளம், 1½ அடி அகலம், 15 இஞ்ச் உயரம். மண் 1 அடி நிற்கும். தக்காளி, மிளகாய், கத்திரி எல்லாவற்றுக்கும் இந்த ஆழம் போதும். கீரைக்கு மட்டும் என்றால் 6, 8 இஞ்ச் போதும். 1 இஞ்ச் பலகையில் செய்தால் சேதாரத்தோடு சுமார் 1½ கன அடி மரம் ஆகும். கால்களும் குறுக்குச் சட்டமும் தனி. தொட்டி தரையிலிருந்து 2 இஞ்சாவது உயர்ந்து நிற்க வேண்டும். கீழே காற்று ஓடினால்தான் அடிப்பலகை காயும். தளத்தில் பதித்த ஓடுகளில் ஈரம் தங்கிப் பாசி பிடிக்காமலும் இருக்கும். பெருக்குமாறு உள்ளே போகும் அளவு உயரம் என்று தச்சரிடம் சொல்லுங்கள், அவருக்குப் புரிந்துவிடும்.

அடிப்பலகைகளை நீளவாக்கில் போடாமல் குறுக்கே, 1½ அடித் துண்டுகளாகப் போடுங்கள். 6 இஞ்ச் அகலப் பலகை என்றால் ஆறு வரும். ஒவ்வொன்றுக்கும் நடுவே கால் இஞ்ச் இடைவெளி கட்டாயம்; அதற்கு இடம் விட ஒரு பலகையின் அகலத்தை 1¼ இஞ்ச் குறைத்துக்கொள்ளுங்கள். இது தண்ணீர் வடிய மட்டும் இல்லை. காய்ந்த பலகை மண்ணின் ஈரத்தைக் குடித்து அகலத்தில் ஊதும். 6 இஞ்ச் தேக்குப் பலகை 2, 3 மில்லிமீட்டர் வரை கூடும். ஆறு பலகையையும் இறுக்கிப் பொருத்திவிட்டால் மொத்தமாக 1½ சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளும், குறுக்குப் பக்கத்தை ஸ்க்ரூவோடு பிடுங்கி வெளியே தள்ளிவிடும். மூலை விரிந்த தொட்டிகள் பழுதுக்கு வரும்போது பல நேரங்களில் காரணம் மண்ணின் அழுத்தம் என்று சொல்வார்கள். திறந்து பார்த்தால் இடைவெளி இல்லாத அடிப்பலகை இருக்கும். பலகைகளைத் தாங்க நீளப் பக்கங்களின் உள்ளே கீழ் விளிம்பில் ரீப்பர் என்னும் ஒல்லியான மரச்சட்டத்தைத் திருகுங்கள். ஈர மண்ணின் சுமை முழுவதும் அந்த ஸ்க்ரூக்களில் தொங்கக் கூடாது என்பதால், அடியில் நீளவாக்கில் ஒரு சட்டம் ஓடவிட்டு அதற்குத் தனியாகக் கால் கொடுப்பது நல்லது.

மூலைக்கால்கள் பற்றி ஒரு விஷயம். பெரும்பாலும் மூலைக்கட்டையை உள்ளே வைத்து, பலகையை வெளியிலிருந்து அதன்மேல் திருகுகிறார்கள். பார்க்க வழவழவென்று இருக்கும். ஆனால் ஈர மண் பலகையை வெளியே தள்ளும்போது, ஸ்க்ரூவைப் பிடுங்கும் திசையில் அது தள்ளுகிறது. கட்டையோ எப்போதும் ஈர மண்ணில் புதைந்து கிடக்கிறது. இதையே திருப்பி, கால்களை வெளியேயும் பலகையை உள்ளேயும் வையுங்கள். மண் தள்ளத் தள்ளப் பலகை காலின்மேல் அழுந்தும், ஸ்க்ரூவுக்கு வேலை குறையும், காலும் வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கும். 3 அடிக்கு மேல் நீளம் போனால் நடுவிலும் வெளியே ஒரு கால் வேண்டும், இல்லையென்றால் பக்கம் வயிறு தள்ளும்.

மரத்தில் தண்ணீர் ஏறும் முக்கியமான வாசல் பலகையின் வெட்டுமுனை. நாரின் குழாய்கள் திறந்திருக்கும் பக்கம் அது. முகப்பைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். கால்களின் அடிமுனை, பலகைகளின் இரு முனைகள், வடிகாலுக்குத் துளை போட்டால் அதன் சுவர், இவை எல்லாம் வெட்டுமுனைகள். பொருத்துவதற்கு முன்னால், ஒவ்வொரு துண்டையும் வெட்டியவுடனே, இந்த முனைகளுக்கு மட்டும் எபாக்ஸி பிசின் இரண்டு கை பூசுங்கள். மொத்தத் தொட்டிக்கும் விலையுயர்ந்த பூச்சு அடிப்பதைவிட இந்தக் கொஞ்ச வேலை அதிகம் காப்பாற்றும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கால்களுக்கு அடியில் ரப்பர் துண்டு ஒன்று திருகிவிட்டால் தளத்தில் தேங்கும் தண்ணீரிலிருந்தும் தப்பிக்கும். மேல் விளிம்புக்குச் சற்றே வெளிப்பக்கம் சரிந்த மூடுபலகை வைத்தால் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும்.

உள்விரிப்பு தேவையா என்றால், பக்கங்களுக்கு மட்டும் போடலாம், அடிக்குப் போடக் கூடாது. அடியில் நிழல்வலையை இரண்டாக மடித்து விரியுங்கள். மண் தங்கும், தண்ணீர் போகும். பக்கங்களுக்குத் தார்பாலின் விரிப்பைப் போடும்போது மேல் ஓரத்தில், மண் மட்டத்துக்கு மேலே மட்டும் பொருத்துங்கள். கீழே ஓட்டை போடாமல் தொங்கவிடுங்கள். இன்னும் நல்ல வழி, நாலைந்து மெல்லிய ரீப்பர்களைப் பக்கப் பலகையின் உள்ளே நிற்கவைத்து அதன்மேல் விரிப்பைக் கட்டுவது. விரிப்புக்கும் மரத்துக்கும் நடுவே காற்று ஓட ஒரு சந்து கிடைக்கும். உங்களுக்கு ரசாயனம் பற்றிய கவலை இருப்பதால் என் தனிப்பட்ட சிபாரிசு வேறு: மாடித் தோட்டத்துக்கு விற்கும் கெட்டியான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் வளர்ப்புப் பையை வாங்கி, மரத்தொட்டியை அதற்கு வெளியுறையாக மட்டும் செய்யுங்கள். மண் மரத்தைத் தொடாது. பை கிழிந்தால் பையை மாற்றலாம், மரம் கெட்டால் ஒரு பலகையை மாற்றலாம். இப்படிச் செய்தால் நடுத்தரமான மரம்கூட நெடுநாள் வரும்.

அடியில் ஜல்லி போடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிச்சயம் யாராவது சொல்வார்கள். ஒரு அடுக்கு ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை, அது உண்மையில்லை. பொடியான மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுவதும் நனைந்து ததும்பிய பிறகுதான் சொட்டும். நனைத்த பஞ்சைத் தூக்கிப் பிடித்தால் கீழ்விளிம்பில் ஈரம் கனத்து நிற்குமே, அதுபோல. ஜல்லி போட்டால் அந்த ஈரப் பட்டை மேலே நகர்ந்து வேருக்கு அருகில் வரும், சுமையும் கூடும். நிழல்வலையின் மேல் நேராக மண்கலவையைப் போடுங்கள்.

இப்போது மரம். தேக்கு என்று கேட்டு வாங்குவதைவிட வைரம் பாய்ந்த மரமா, அதாவது நடுத்தண்டின் கெட்டிப்பட்ட பகுதியா என்று பார்த்து வாங்குவது முக்கியம். எந்த மரத்திலும் வெளிவட்டமாக இருக்கும் வெள்ளை, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் எளிய தீனி. தேக்கின் வெள்ளையும் அப்படியே. மரக்கடையில் பலகையின் நீளத்தைப் பார்க்காதீர்கள், முனையைப் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பழுப்பு நிற வைரமும் ஓரத்தில் வெளிறிய பட்டையும் தெளிவாகப் பிரியும். அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வெள்ளையில் சட்டென்று இழுத்துக்கொள்ளும், எண்ணெய்ப்பசையுள்ள தேக்கு வைரத்தில் சற்று நேரம் முத்தாக நிற்கும். வெள்ளை கலந்த பலகை மலிவாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது அடிப்பலகைக்குப் போகக் கூடாது. இளம் தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம் என்பது உறுதி. அதன் வைரமும் காட்டுத் தேக்கின் வைரத்துக்கு ஈடாகுமா என்பதில் தொழிலில் இருப்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு; நான் அதை ஒருபடி கீழாகவே வைத்துப் பயன்படுத்துகிறேன்.

தேக்குதான் வேண்டும் என்பதும் இல்லை. பலா வைரம், வேங்கை, கருவேலம் நன்றாக நிற்கும். வேம்பைக் கரையான் சீக்கிரம் அண்டாது, ஆனால் நன்றாகக் காயவைக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும். சீமைக்கருவேலத்தை விறகு என்று ஒதுக்குகிறோம். அதன் வைரம் கடினமானது, ஈரத்தில் ஊதுவதும் சுருங்குவதும் மிகக் குறைவு. நீளமான நேர்ப்பலகை கிடைக்காது என்பதுதான் குறை, 1½ அடித் துண்டுகளுக்கு அது ஒரு குறையே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இடித்த வீட்டு மரம். பழைய நிலை, ஜன்னல் சட்டம், உத்திரம் எல்லாம் பல வருடம் காய்ந்து அடங்கியவை, வைரம் மிகுந்தவை. ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, பழைய பெயின்ட் இருந்தால் அந்தப் பக்கத்தை முழுவதும் சீவி எடுத்துவிட வேண்டும். பழைய பெயின்ட்டுகளில் ஈயம் இருப்பதுண்டு. முகமூடி போட்டுக்கொண்டு சீவுங்கள், சீவலைச் செடி பக்கம் போடாதீர்கள். மா, ரப்பர் மரம், சவுக்கு, சாதாரண பிளைவுட், துகள்பலகை ஐந்தும் மண்ணைத் தொடும் வேலைக்கு ஆகாது. ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளை தண்ணீரில் பிரியாது, ஆனால் அதன் ஓரங்களையும் மூடியாக வேண்டும்.

கப்பலில் சரக்கு வந்த பேலட் பலகையில் தொட்டி செய்வது இப்போது நிறைய நடக்கிறது. அவை பெரும்பாலும் பைன், நீடித்து நிற்காது, வெளியுறையாகப் பயன்படுத்தலாம். அதில் கோதுமைக்கதிர் படத்தோடு, சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் ஐ.பி.பி.சி. முத்திரை குத்தியிருக்கும். பக்கத்தில் எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, பயப்பட வேண்டாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயு பிடித்தது, அதை எடுக்காதீர்கள். எண்ணெய்க்கறையோ வாடையோ இருக்கும் பலகையை முத்திரை எதுவானாலும் தொடாதீர்கள். அதன்மேல் என்ன கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் தோட்டத்தில் அழகாக இருக்கும், ஆனால் அவற்றில் பல கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் ஏற்றியவை. கீரைக்கு வேண்டவே வேண்டாம். பச்சைச் சாயல் ஏறிய பதப்படுத்திய கட்டைக்கும் இதே பதில். செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் கலந்த அந்த முறையை 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் கண்டுபிடித்தார், அங்கிருந்துதான் அது உலகம் முழுவதும் போனது. மின்கம்பத்துக்கும் சுரங்கத்துக்கும் அது பெரிய வரம். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து ஆர்செனிக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்கும் என்பது நிச்சயம். செடி அதில் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பது மண்ணையும் செடியையும் பொறுத்து மாறும். மாறுகிற விஷயத்தைச் சாப்பிடும் செடியில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

பூச்சுக்கு வருகிறேன். உள்பக்கம் எதுவும் பூச வேண்டாம். வெளிப்பக்கம் வார்னிஷ் கூடாது. அது மரத்தின் மேல் ஒரு தோலாக நிற்கும். மரம் ஊதிச் சுருங்க அது வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய தண்ணீர் தோலுக்கு அடியில் தங்கும். மரத்துக்குள் இறங்கும் எண்ணெய்ப் பூச்சு நல்லது. ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, பத்து இருபது நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தடியாக விட்டால் பிசுபிசுத்துப் பூசணம் பிடிக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்ட பிறகே வெளியே போடுங்கள். படகுகளுக்குப் பூசும் முந்திரி ஓட்டு எண்ணெய் மரத்தை நன்றாகக் காக்கும், ஆனால் பச்சையாகப் பட்டால் தோலைப் பொசுக்கிவிடும். கையுறை இல்லாமல் அருகே போக வேண்டாம், காய்கறித் தொட்டிக்கு அவசியமும் இல்லை. வேப்பெண்ணெய் பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது சரியாக உலரும் எண்ணெய் இல்லை, மழையில் போய்விடும். கெடுதல் இல்லை, நிலைத்த பலனும் இல்லை. போராக்ஸ் கரைசல் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு நல்ல பூச்சி மருந்து, ஆனால் தண்ணீரில் கரைவது என்பதால் தொட்டியில் நிற்காது, கரைந்து மண்ணில் சேர்ந்தால் செடிக்கும் ஆகாது. வண்டியின் கழிவு ஆயிலை யார் சொன்னாலும் பூசாதீர்கள்.

ஸ்க்ரூ துருப்பிடிக்காத ஸ்டீலில் வாங்குங்கள். சாதாரண இரும்பு, தேக்கோடு சேர்ந்தால் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை ஓடும், சில வருடத்தில் தலை உடைந்துவிடும். தாம்பரத்துக்கு 304 ரகம் போதும். கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் 316 வாங்கலாம். 1 இஞ்ச் பலகைக்கு 2 இஞ்ச் ஸ்க்ரூ, முன்துளை போட்டுத் திருகுங்கள். பசையை மட்டும் நம்பி எதையும் ஒட்ட வேண்டாம்.

எடை விஷயத்தில் நான் தச்சு வேலைக்காரன், கட்டடப் பொறியாளர் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இந்த அளவுத் தொட்டியில் மண்ணுக்கான இடம் சுமார் 127 லிட்டர். வெறும் தோட்டமண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் மரத்தோடு சேர்த்து 240 கிலோவை நெருங்கும். தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் அதிகமாகக் கலந்தால் 150 கிலோவுக்குள் அடக்கலாம். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்னும் இந்தியக் கட்டடத் தரவிதி சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவு, அதாவது சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. லேசான கலவை போட்டாலும் தொட்டி நிற்கும் இடத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. ஒரு தொட்டி வைத்தால் உடனே கூரை இறங்கிவிடும் என்று அர்த்தமில்லை; சுற்றியுள்ள காலி இடத்தையும் சேர்த்தே கணக்குப் பார்ப்பார்கள். ஆனாலும் தொட்டிகளைச் சுவருக்கும் பீமுக்கும் மேலேயே வையுங்கள், கீழே உள்ள அறையின் நடுப்பகுதிக்கு மேலே வரிசை கட்டாதீர்கள். நாலைந்துக்கு மேல் செய்வதாக இருந்தாலோ, வீடு மரக்கட்டையும் செங்கல்லும் சேர்ந்த பழைய மெட்ராஸ் டெரஸாக இருந்தாலோ, முதலில் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும். எழுத்தில் படித்து யாரும் உங்கள் தளத்துக்கு உத்தரவாதம் தர முடியாது.

எத்தனை வருடம் வரும் என்று கேட்டிருந்தீர்கள். வைரம் பாய்ந்த மரம், உயர்த்திய அடி, பூசிய முனைகள், உள்ளே பை என்று செய்தால் பத்து வருடத்தை எதிர்பார்ப்பது நியாயம். மண் நேராக மரத்தைத் தொட்டால் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் அனுபவத்தில் சொல்லும் மதிப்பீடுதான், வெயிலும் தண்ணீர் ஊற்றும் பழக்கமும் இதை மாற்றும். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன் ஆவணி வாக்கில், ஸ்க்ரூடிரைவர் முனையால் அடிப்பலகையையும் கால்முனையையும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது. மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகையை மட்டும் கழற்றி மாற்றுங்கள். வெளிப்பக்கம் ஒரு கை எண்ணெய் தேய்ப்பதையும் அப்போதே முடித்துவிடலாம்.

பழைய தொட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் பக்கப் பலகைகளையும் இதேபோல் குத்திப் பாருங்கள். மேல் வரிசைப் பலகைகள் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். வெயிலில் நாலைந்து வாரம் காயவைத்து, வார்னிஷைச் சுரண்டிவிட்டு, வளர்ப்புப் பைக்கு உறையாக ஒரு சின்னத் தொட்டி செய்யலாம். இற்றுப்போன அடிப்பலகையைப் புதிய தொட்டியின் எந்தப் பகுதிக்கும் பயன்படுத்தாதீர்கள். வார்னிஷ் பட்ட துண்டுகளை உரக்குழியிலும் போட வேண்டாம்.